தந்தையின் கட்டளையும் மகனின் ஐயமும்: கண்டிச் சீமைக் கைதி றொபேர்ட் நொக்ஸ்

இலங்கை வரலாற்றைக் கற்றவர்களுள் றொபேர்ட் நொக்ஸின் பெயரை அறியாதார் இலர். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பதரை ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து, தப்பிச் சென்று, 1681ஆம் ஆண்டில் இலண்டனில் இத்தீவைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர் அவர். பதினேழாம் நூற்றாண்டு மலைநாட்டின் உழவு, உணவு, திருமணம், நீதிமுறை, அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் இயல்பு ஆகியவற்றை அறிய விரும்பும் ஆய்வாளர் எவரும் இன்றளவும் அந்நூலின் வாசலிலேயே வந்து நிற்கின்றனர். ஆயினும் அந்நூலினுள்ளே ஒரு தந்தையும் மகனும் இருக்கின்றனர். மரணப் படுக்கையில் கிடந்த ஒரு கிறிஸ்தவத் தந்தை, நம்பிக்கை தளர்ந்து நின்ற இருபது வயது மகனுக்கு என்ன செய்ய முடிந்தது, என்ன செய்ய முடியவில்லை என்பது அங்கே பதிவாகியுள்ளது. வரலாற்றாசிரியர்கள் விரைந்து கடந்து செல்லும் அப்பக்கங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதி இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையின் பெயரும் றொபேர்ட் நொக்ஸே. அவர் கிழக்கிந்தியக் கம்பனிக்காகக் கப்பலோட்டிய மாலுமித் தலைவர். தந்தை ஆண்டுக்கணக்கில் கடலில் இருந்தமையால் பிள்ளையின் சமய வளர்ப்பு தாயின் கையிலேயே இருந்தது. அவர் மிகுந்த இறைபக்தி உடையவர் என்று மகன் முதுமையிலும் நினைவுகூர்ந்துள்ளார். அத்தாய் 1656இல் காலமானார். தாயின் மடியில் கற்ற பக்தியோடும், தந்தையிடம் கற்ற கடற்றொழிலோடும் அவ்விளைஞர் 1658ஆம் ஆண்டு சனவரியில் 'ஆன்' என்னும் கப்பலில் தந்தையுடன் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் கப்பலின் நடுப்பாய்மரம் முறிந்தது. புதிய மரம் வெட்டி நாட்டுவதற்கு ஏற்ற இடமாகக் கொட்டியாரக் குடா தெரிவு செய்யப்பட்டது. போகும் வழியில் வெறுங்கப்பலாகப் போக வேண்டாம் என்று துணிமணிகளும் ஏற்றப்பட்டன. அச்சரக்கு பரங்கிப்பேட்டை வணிகர்களுக்கு உரியது. அவ்வணிகர்களும் கப்பலில் உடன் வந்தனர். சோழமண்டலக் கரைக்கும் நமது கிழக்குக் கரைக்கும் இடையே அந்நாளில் இருந்த தமிழ், முஸ்லிம் வணிகத் தொடர்பின் ஓர் இழையிலேயே இக்கதையும் கோக்கப்பட்டுள்ளது என்பது நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி.

கப்பல் குடாவில் தங்கியிருக்கும் செய்தி அரசனுக்கு எட்டியது. போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்து, பின்னர் அவர்களாலேயே ஏமாற்றப்பட்டவன் இராஜசிங்கன். அறியாத ஐரோப்பியக் கப்பல் ஒன்று அறிவிப்பின்றி வந்து தங்கியதை அவன் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. திசாவை ஒருவர் படையுடன் வந்தார். 1660 ஏப்ரல் 4ஆம் திகதி தந்தையும் மகனும் உட்பட ஆங்கிலேயர் பலர் பிடிபட்டனர். அடுத்து மரம் வெட்டச் சென்றிருந்தோரும் அகப்பட, மொத்தம் பதினாறு பேர் கைதிகளாயினர். தந்தை பிடிபட்டதாகக் கூறப்படும் புளியமரத்தடியில் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. மூதூர் மக்கள் அதனை நன்கறிவர்.

அடுத்து நடந்ததே இவ்விருவரின் வாழ்வையும் தீர்மானித்தது. கப்பலையும் ஆற்று முகத்தினுள் கொண்டுவரச் செய்ய வேண்டும் என்று திசாவை விரும்பினார். கட்டளையை எடுத்துச் செல்ல மகனை அனுப்பலாம் என்று தந்தை யோசனை கூறினார். கப்பலை எக்காரணம் கொண்டும் உள்ளே கொண்டுவராது காத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் மகனிடம் மறைவாகச் சொல்லியனுப்பிய உண்மைச் செய்தி. அத்துடன் இன்னொன்றையும் சொன்னார். தன்னைத் தனியே விட்டுவிடாமல் கட்டாயம் திரும்பி வரவேண்டும் என்றும், இது தந்தையின் ஆசியின் மீதும் இறுதித் தீர்ப்பு நாளின் மீதும் இடும் கட்டளை என்றும் கூறி, மகனிடம் வாக்குறுதி பெற்றுக்கொண்டார்.

இளைஞர் கப்பலில் ஏறினார். அந்த வேளையில் அவர் சுதந்திர மனிதர். சுற்றிலும் தன் நாட்டவர், கையெட்டும் தூரத்தில் திறந்த கடல். கப்பலில் இருந்தோர் தலைவரின் கட்டளைக்குப் பணிய மறுக்கின்றனர் என்று திசாவைக்குக் காட்டுவதற்கு ஒரு கடிதத்தை ஆயத்தம் செய்து எடுத்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் கரைக்குத் திரும்பினார். கப்பல் பின்னர் போய்விட்டது. அவர் அடுத்து ஆங்கிலக் கப்பல் ஒன்றில் கால் வைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

தந்தை சொல்லைக் காக்கத் தன்னை இழந்த மகன் நமக்குப் புதியவன் அல்லன். காடேகிய இராமனைத் தமிழர் அறிவர். தந்தை இப்றாஹீம் நபியின் முன் தலை சாய்த்த மகனை முஸ்லிம்கள் ஆண்டுதோறும் ஹஜ் பெருநாளில் நினைவுகூர்கின்றனர். ஆனால் பலியாக நின்ற மைந்தனுக்குப் பதிலாக ஆட்டுக்கடா வந்தது. இங்கே எதுவும் வரவில்லை. நொக்ஸின் கதை தசரதனின் பக்கமே சாய்கிறது. சொல்லைச் சொல்லிவிட்டு, அது மகனை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதைக் கண்ணாரக் கண்டு நைந்துபோன தந்தையின் கதை அது.

கைதிகள் உள்நாட்டுக்கு நடத்திச் செல்லப்பட்டு வெவ்வேறு ஊர்களில் பிரித்து வைக்கப்பட்டனர். தந்தையும் மகனும் 1660 செப்டெம்பரில், கண்டி நகருக்கு வடக்கே ஏறத்தாழ முப்பது மைல் தொலைவில் உள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் விடப்பட்டனர். இன்று அது குருநாகல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அரசனின் ஆணைப்படி ஊரார் முறைவைத்து உணவளித்தனர். விலங்கில்லை, சிறைச்சுவரும் இல்லை. ஆனால் காய்ச்சல் இருந்தது. அக்காலத்தில் அப்பகுதியைப் பீடித்திருந்த குளிர்காய்ச்சல் இருவரையும் வீழ்த்தியது. மகனுக்கு விட்டுவிட்டு வந்தது, தந்தைக்கு விடவேயில்லை. தரையில் ஒரு பாய், சிறு தலையணை, அணிந்திருந்த உடை. இவற்றோடு அம்மாலுமித் தலைவர் மாதக்கணக்கில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்.

அவர்கள் கையில் இரண்டு நூல்கள் மட்டும் இருந்தன. இரண்டும் அக்கால ஆங்கிலப் புரட்டஸ்தாந்து இல்லங்களில் பரவலாக வாசிக்கப்பட்ட பக்தி நூல்கள். ஒன்று பக்தி வாழ்வின் பயிற்சியைப் பற்றியது. மற்றையது றொஜேர்ஸ் என்பார் கிறிஸ்தவ ஒழுக்கம் குறித்து எழுதிய ஏழு கட்டுரைகளைக் கொண்டது. வேதாகமம் இல்லை. சபை இல்லை, போதகர் இல்லை, தாய்மொழியில் ஆறுதல் சொல்ல இன்னொருவரும் இல்லை. இறைவன் நீதிமான்களைக் காக்கிறான் என்று தாயின் மடியில் கேட்ட பாடம் ஒருபுறம். தந்தைக்குக் கீழ்ப்படிந்த ஒரே காரணத்தால் காட்டில் அழிகின்ற நிலை மறுபுறம். கீழ்ப்படிதலுக்குக் கிடைத்த பரிசு இதுவா என்ற கேள்வி இருபது வயது நெஞ்சில் எழாமல் இருக்குமா?

இக்கேள்விக்குத் தந்தை என்ன விடை கூறினார் என்று தேடினால், அவர் விடை எதுவும் கூறவில்லை என்பதே தெரியவருகிறது. இது இறைவன் இடும் சோதனை என்று அவர் வாதிக்கவில்லை. முறுமுறுப்பது பாவம் என்று மகனைக் கண்டிக்கவும் இல்லை. மாறாக, பிழை தன்னுடையது என்று மகனிடமே சொன்னார். கப்பலிலிருந்து திரும்பி வருமாறு கட்டளையிட்டு என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நொந்தார். மகனின் கீழ்ப்படிதலே அவனைக் கைதியாக்கியது என்பதை வாய்விட்டு ஒப்புக்கொண்டார். தான் முதியவன், நெடுநாள் தாங்கப் போவதில்லை. மகனோ துயர நாட்கள் பலவற்றைக் காண வாழ வேண்டியவன் என்று வருந்தினார். அந்தக் கீழ்ப்படிதலின் பொருட்டே இறைவன் அவனை விடுவிக்க வேண்டும் என்பது ஒன்றே தனது வேண்டுதல் என்றார்.

பெற்றோர் பிள்ளைகளிடம் தவறை ஒப்புக்கொள்வது நம் சமூகங்களில் அரிது. சமயத்தைப் பற்றிய பேச்சில் அது இன்னும் அரிது. தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ போகத் தயங்கும், கேள்வி கேட்கும் வளர்ந்த பிள்ளையை எதிர்கொள்ளும் தாய் தந்தையர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே செய்கின்றனர்: சினக்கின்றனர், அல்லது அந்தப் பேச்சையே வீட்டிலிருந்து விலக்கிவிடுகின்றனர். பிள்ளையின் கேள்வியில் தங்கள் செயலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. கொஸ்வத்தையின் குடிசையில் கிடந்த மனிதர் அதனை எண்ணிப் பார்த்தார். அவ்வாறு செய்ததனால் அவருடைய நம்பிக்கை மகனின் கண்ணில் சிறுமைப்படவில்லை. தன்னைக் குற்றவாளியாகக் கண்ட பின்னரும் இறைவனிடமே மன்றாடிக் கொண்டிருந்த தந்தையைத்தான் மகன் கண்டார்.

1661ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, மகன் இருபது வயதை நிறைவு செய்த மறுநாள், தந்தை உயிர் நீத்தார். அதற்கு முன் மகனை அருகில் அழைத்து, இறைவனுக்குப் பணிந்து நடக்குமாறும், என்றேனும் நாடு திரும்ப நேர்ந்தால் தம்பிக்கும் தங்கைக்கும் தந்தையாக இருக்குமாறும் சொல்லி ஆசி வழங்கினார். தன் உடலை எந்த உடையில் எவ்வாறு சுற்றி அடக்க வேண்டும் என்பதையும் அமைதியாக எடுத்துரைத்தார்.

அடக்கம் எளிதாக நடக்கவில்லை. மகனுக்குக் காய்ச்சல், நிற்கவும் வலுவில்லை. கப்பலிலிருந்து உடன் வந்த பணியாள் சிறுவன் ஒருவனே துணை. அவன் பெயரைக் கூட நூல் நமக்குத் தரவில்லை. ஊராரிடம் உதவி கேட்க அவனை அனுப்பியபோது, அவர்கள் மாடு கட்டும் தடித்த கயிறு ஒன்றைக் கொண்டு வந்து, கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்லுமாறு கூறினர். அந்நியனின் பிணத்தைத் தொடுவதில் இருந்த தீட்டச்சமே அதற்குக் காரணம் போலும். உணவளித்த அதே கைகள்தாம் அவை. மகன் அதற்கு இணங்காமல், எஞ்சியிருந்த சிறு பணத்தில் ஆள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, தந்தையை மரியாதையோடு மண்ணில் அடக்கம் செய்தார். பின்னர் அவர் கையில் மிஞ்சியவை ஒரு பொற்பகோடா, இரண்டு மூன்று வெள்ளி நாணயங்கள், சில பழந்துணிகள், அந்த இரு நூல்கள்.

அடுத்த ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் அவர் வாழ்வின் மிக இருண்ட பகுதி. காய்ச்சல் விடவில்லை. தன்னந்தனிமை. உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனை வேண்டினார் என்பதை அவர் மறைக்கவில்லை. சூரைச்செடியின் கீழ் அமர்ந்து தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி மன்றாடிய எலியா தீர்க்கதரிசியின் நிலையோடு தன் நிலையை ஒப்பிட்டுக் கொண்டார். முஸ்லிம்கள் இல்யாஸ் நபி என்று போற்றுபவரும் அவரே. ஒன்றைத் தெளிவுபடுத்துவது நேர்மையாகும். இறைவன் உண்டா இல்லையா என்று இக்காலத்தவர் கேட்கும் கேள்வி நொக்ஸின் கேள்வி அன்று. இறைவன் தன்னைக் கைவிட்டுவிட்டானா என்பதே அவரை வதைத்தது. இரண்டில் எது கொடியது என்று சொல்வது கடினம். முன்னையதில் விவாதிக்க இடமுண்டு, பின்னையதில் அதுவுமில்லை.

அந்நாட்களில் அவர் தந்தையின் இரு நூல்களையும் எடுத்துக்கொண்டு வயல்வெளிக்குச் சென்று, தனியே அமர்ந்து வாசிப்பதை வழக்கமாக்கிக் கொண்டார். மனப்பாடமாகும் அளவுக்கு வாசித்தார். அவை அவருடைய கேள்விக்கு விடை தந்தன என்று நான் கருதவில்லை. தந்தையின் கை பட்ட நூல்கள், தந்தை விரும்பிய பழக்கம் என்ற அளவில் அவை அவரை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தியிருக்கக் கூடும்.

ஒருநாள் சிற்றோடையில் மீன் பிடித்துக் கொண்டிருந்தபோது அவ்வழியே சென்ற முதியவர் ஒருவர் அவரைக் கண்டு, இவருக்கு நூல் வாசிக்கத் தெரியுமா என்று சிறுவனிடம் கேட்டார். கொழும்பைப் போர்த்துக்கேயர் இழந்த காலத்தில் தன் கைக்கு வந்த நூல் ஒன்று இருப்பதாகவும் அதனை விற்க விரும்புவதாகவும் கூறினார். கொண்டு வந்து காட்டியபோது அது ஆங்கில வேதாகமமாக இருந்தது. திறந்த பக்கத்தில் கண் பட்ட இடம் அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம். சிறைக்காவலன் ஒருவன் தான் மீட்படைய என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பகுதி. நொக்ஸ் தன்னிடமிருந்த ஒரே பகோடாவையும் கொடுக்கத் துணிந்தார். சிறுவனோ உலகம் அறிந்தவன். அவசரப்படாதீர் என்று தடுத்து, பின்னப்பட்ட தொப்பி ஒன்றுக்கே பேரத்தை முடித்து வைத்தான். இறைவன் தன்னைக் கைவிடவில்லை என்பதற்கான அடையாளமாக நொக்ஸ் இதனைக் கருதினார். தற்செயல் என்று நினைப்போரும் இருக்கலாம். ஆனால் அந்த நூலைக் கண்டவுடன் அடையாளம் கண்டு நடுங்கிய நெஞ்சை உருவாக்கியவர்கள் விம்பிள்டனில் புதைக்கப்பட்ட தாயும் கொஸ்வத்தைக் காட்டில் புதைக்கப்பட்ட தந்தையும் ஆவர்.

அதன் பின்னர் அவர் வாழ்வு மெல்ல நிலைபெற்றது. தொப்பி பின்னி விற்றார். ஊர் ஊராகச் சென்று சிறு வணிகம் செய்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திரும்பப் பெற்றார். பக்திமான் வட்டி வாங்கியதை நம் வாசகர்களில் பலர் முகம் சுளித்தே நோக்குவர்; அவர் அதைக் கூச்சமின்றியே எழுதியுள்ளார். இடம் பலவும் மாறி, இறுதியில் கண்டி நகருக்குத் தெற்கே பத்து மைல் தொலைவில் உடுநுவரைப் பகுதியின் எலதெத்த என்னும் ஊரில் இருபத்தைந்து இலாரின் விலைக்கு நிலம் வாங்கினார். ஓலையில் எழுதிச் சாட்சிகள் ஒப்பமிட்ட உறுதி அது. அங்கே வீடு கட்டி, தென்னையும் கமுகும் நட்டார்.

சக ஆங்கிலேயரில் பலர் சிங்களப் பெண்களை மணந்து அம்மண்ணோடு கலந்தனர். வேற்றுச் சமயப் பெண்ணை மணப்பது தம் நெறிக்கு ஏற்றதா என்று அவர்கள் தமக்குள் விவாதித்ததையும் நொக்ஸ் பதிவு செய்துள்ளார். அவர் மணக்கவில்லை. அவர்களின் சமயத்தில் அரசனோ மக்களோ தலையிடவில்லை என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதியுள்ளார். கண்டி நகரில் சோனகரின் பள்ளி ஒன்று இருந்ததையும், முன்னாள் அரசன் ஒருவன் அதற்கு ஒவ்வொரு காணியாளரும் ஒரு பணம் செலுத்த வேண்டும் என்று உரிமை வழங்கியிருந்ததையும், அதனைப் பெற வரும் முஸ்லிம்களை மக்கள் தாராளமாக ஆதரித்ததையும் அவர் குறிப்பிடுகிறார். போர்த்துக்கேயரால் கரையோரத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கு இராஜசிங்கனின் தந்தை செனரத் மன்னன் புகலிடம் அளித்த வரலாற்றோடு இதனைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மாற்றுச் சமயத்தார் நிறைந்த நாட்டில் நொக்ஸின் நம்பிக்கைக்கு வெளியிலிருந்து ஆபத்து வரவில்லை. வந்ததெல்லாம் உள்ளிருந்தே வந்தது.

எலதெத்தையில் அவர் லூசியா என்னும் பெண் குழந்தையை வளர்த்தார். சக ஆங்கிலேயர் ஒருவருக்கும் உள்நாட்டுப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை அவள். மணமாகாத கைதி, தனக்குப் பிறக்காத பிள்ளைக்குத் தந்தையானார்.

1679 செப்டெம்பர் 22ஆம் திகதி, ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழருடன், வணிகத்துக்குச் செல்பவரைப் போல அவர் வடதிசை நோக்கிப் புறப்பட்டார். அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டு, காட்டு யானைகளுக்கும் காவலருக்கும் தப்பி, தமிழர் வாழும் பகுதிகளின் ஊடாக ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அங்கிருந்து மன்னார், கொழும்பு, பத்தாவியா வழியாக 1680 செப்டெம்பரில் இலண்டன் சேர்ந்தார். கொஸ்வத்தையில் தந்தை வேண்டியது பத்தொன்பது ஆண்டுகள் கழித்து நிறைவேறியது.

இத்தோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். வாழ்க்கை அவ்வாறு முடியவில்லை. கம்பனி அவரைக் கப்பல் தலைவராக்கியது. 1684ஆம் ஆண்டில் அவர் மடகஸ்காருக்குச் சென்றது அடிமைகளை வாங்கி சென். ஹெலனாத் தீவுக்குக் கொண்டு செல்வதற்காக. இருபது ஆண்டுகள் பிறர் பிடியில் வாழ்ந்த மனிதர், பிறரைப் பிடித்து விற்கும் தொழிலுக்குப் போனார். அவருடைய இறைநம்பிக்கை அதைத் தடுக்கவில்லை. அக்காலத்து ஐரோப்பியக் கிறிஸ்தவர் மிகப் பலரிடம் இருந்த குருடு இது என்று கூறி மன்னிப்போர் மன்னிக்கட்டும். நமக்கு அது இயலவில்லை.

1719ஆம் ஆண்டில், நொக்ஸ் உயிரோடு இருக்கும்போதே, டானியல் டீஃபோவின் றொபின்சன் குரூசோ வெளிவந்தது. அதன் பின்னணியில் நொக்ஸின் நூலும் இருப்பதாகப் பல அறிஞர்கள் கருதுகின்றனர். அந்தக் கதையில் மகன் தந்தையின் சொல்லை மீறிக் கடலுக்குச் சென்று, அதனால் தீவில் அகப்படுகிறான். உண்மைக் கதையில் மகன் தந்தையின் சொல்லைக் காத்ததனாலேயே தீவில் அகப்பட்டார். கீழ்ப்படியாமைக்குத் தண்டனை என்று சொல்வது கதாசிரியருக்கு எளிது. கீழ்ப்படிதலுக்கு அதே துன்பம் நேர்ந்தது என்பதை எந்த நீதிக்கதையில் வைப்பது?

நொக்ஸ் 1720 சூன் மாதத்தில், எழுபத்தொன்பதாம் வயதில் காலமாகி விம்பிள்டனில் அடக்கம் செய்யப்பட்டார். இறுதிவரை திருமணம் செய்யவில்லை. தன் நூலுக்குச் சேர்ப்பதற்கான குறிப்புகளையும் தன் வாழ்க்கை வரலாற்றையும் முதுமைவரை எழுதிக்கொண்டேயிருந்தார். அந்தக் கையெழுத்துப் படி 1911இல்தான் அச்சேறியது. எலதெத்தையில் இருந்த நிலத்தையும் வீட்டையும், நாடு திரும்பிய பின்னர் எழுதியனுப்பிய கடிதத்தில், அவர் லூசியாவுக்கே உரிமையாக்கியிருந்தார்.